கறுப்புச் சட்டை வாசகம்: ஒரு விளக்கவுரை

மூலம்: "எங்களுக்குத் தர வேண்டியதை எங்களுக்குத் தாருங்கள்."

இடமும் காலமும்

2025 ஜூலை 19. அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரில் டபிள்யூ.என்.பி.ஏ. என்னும் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் நட்சத்திர ஆட்டம். ஆட்டத்துக்கு முந்திய பயிற்சிக்கு இறங்கிய இரு அணி வீராங்கனைகளும் ஒரே மாதிரி கறுப்புச் சட்டை அணிந்திருந்தார்கள். மார்பில் ஆங்கிலத்தில் ஆறு சொற்கள். அவற்றின் தமிழ் வடிவமே மேலே உள்ளது. உரிமையாளர்களுடன் செய்திருந்த சம்பள ஒப்பந்தத்திலிருந்து வீராங்கனைகள் சங்கம் 2024 அக்டோபரிலேயே விலகிவிட்டது. புதிய ஒப்பந்தப் பேச்சு இழுத்துக்கொண்டே போன நேரத்தில் வந்த வாசகம் இது.

மலேசியாவில், நம் மலாக்காவில் கூடைப்பந்துத் திடல் என்றால் பெரும்பாலும் சீனப் பள்ளிகளின் நினைவுதான் வரும். நம் தமிழ்ப்பள்ளிப் பெண்பிள்ளைகளுக்குப் பழகியது வலைப்பந்து. ஆனாலும் ஜாசின், மெர்லிமாவ், அலோர்காஜா பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த வாசகத்தின் பொருளை வெளியார் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. எப்படி என்பதைப் பகுதி பகுதியாகப் பார்ப்போம்.

1. "எங்களுக்கு"

யார் இந்த 'நாங்கள்'? 2025 பருவத்தில் 13 அணிகள். அணிக்கு 12 பேர் வீதம் சுமார் 150 பெண்கள். ஒவ்வோர் அணியும் மே மாத நடுவிலிருந்து செப்டம்பர் வரை 44 ஆட்டங்கள் ஆடியது. அந்த ஆண்டில் ஒரு வீராங்கனை பெறக்கூடிய உச்சச் சம்பளம் 2,49,244 டாலர். அடிமட்டச் சம்பளம் 66,079 டாலர். உச்சத்தில் இருப்பவரும் அடிமட்டத்தில் இருப்பவரும் அன்று ஒரே சட்டையைப் போட்டார்கள். அந்த ஆட்டத்தில் 36 புள்ளிகள் எடுத்து, நட்சத்திர ஆட்ட வரலாற்றிலேயே புதிய சாதனை படைத்த நஃபீசா கோலியர், அப்போது சங்கத்தின் துணைத் தலைவரும்கூட. விளம்பர வருமானம் உள்ள ஒருவர், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் புதியவருக்காகவும் பேசுகிறார். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானதும் இதே நியாயத்தில்தான். ஒரு தோட்டம் தனியாகக் கேட்டால் தோட்டத்துத் துரையின் (நிர்வாகியின்) காதில் ஏறாது.

இந்த 'எங்களுக்கு' என்பதற்குள் பிரிட்னி கிரைனரும் இருக்கிறார். சொந்த நாட்டு லீக்கைவிடப் பல மடங்கு கூடுதல் சம்பளம் என்பதால், பருவம் முடிந்ததும் ரஷ்யாவுக்குப் போய் ஆடிவந்தவர். 2022 பிப்ரவரியில் அங்கே கைதாகி, டிசம்பரில்தான் வீடு திரும்பினார். பிழைப்புக்காகக் கடல் கடப்பது என்னவென்று நமக்குத் தெரியும்.

2. "தர வேண்டியதை"

வாசகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பலர் தவறாகப் படிப்பதும் இதைத்தான். 'ஆண்கள் லீக்கில் கோடி கோடியாகக் கொடுக்கிறார்கள், அதே தொகை தங்களுக்கும் வேண்டும் என்கிறார்கள்' என்பது அப்படிப் படிப்பவர்கள் கொள்ளும் பொருள். வீராங்கனைகள் கேட்டது தொகையில் சமம் அன்று, பங்கில் நியாயம். ஆண்கள் லீக்கில் கூடைப்பந்து வருமானத்தில் ஏறத்தாழப் பாதி ஆட்டக்காரர்களுக்குப் போகிறது. பெண்கள் லீக்கில் அது 9 விழுக்காடு அளவில்தான் என்று கணக்கிடப்பட்டது. 2020 ஒப்பந்தத்தில் வருமானப் பங்கு உண்டு என்று எழுதியிருந்தார்கள். ஆனால் ஒரு குறிப்பிட்ட இலக்கைத் தாண்டினால்தான் பங்கு. கோவிட் காலத்தில் காலி அரங்குகளில் ஆடிய பிறகு அந்த இலக்கு எட்டாக்கனியானது.

வருமானம் இல்லாமலா போயிற்று? 2026இலிருந்து 11 ஆண்டுகளுக்குத் தொலைக்காட்சி உரிமை 220 கோடி டாலர். நட்சத்திர ஆட்டத்துக்கு மூன்று வாரம் முன்புதான், புதிதாகச் சேரும் மூன்று நகரங்கள் தலா 25 கோடி டாலர் நுழைவுக் கட்டணம் தர ஒப்புக்கொண்டதாக அறிவிப்பு வந்தது. கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸ் என்ற புது அணி, தன் முதல் பருவத்திலேயே ஒவ்வொரு சொந்தத் திடல் ஆட்டத்துக்கும் 18,064 பேரை உட்கார வைத்தது.

பால்மரக் காட்டுக்கு வருவோம். விடியுமுன் பெரட்டுக்கு (வருகைப் பதிவுக்கு) நின்று, மரம் மரமாக வெட்டி, மங்குகளில் (மரத்தில் கட்டிய கிண்ணங்களில்) சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக் காண்டாக் கம்பில் (காவடிபோல் சுமக்கும் கம்பில்) தோளேற்றி ஸ்டோருக்குக் கொண்டுவருவார்கள். அங்கே பாலை நிறுப்பார்கள். அதில் சிறிதெடுத்து, தண்ணீர் போக எத்தனை விழுக்காடு ரப்பர் தேறும் என்று பார்ப்பார்கள். கிராணி (எழுத்தர்) எழுதுவதுதான் கணக்கு. வெட்டியவருக்கு அந்த எண் எப்படி வந்தது என்று தெரியாது. பிற்காலத்தில் சங்க ஒப்பந்தங்கள் கூலியை ரப்பர் விலையோடு இணைத்தன. விலை ஏறினால் வெட்டுபவருக்கும் ஏற வேண்டும் என்ற கொள்கை அது. கூடைப்பந்து வீராங்கனைகள் 2025இல் கேட்டதும் அதையேதான்: வருமானம் வளரும்போது எங்கள் சம்பளமும் தானாக வளரட்டும், அந்தக் கணக்கை எங்கள் கண்முன் போடுங்கள்.

நம் தோட்டப் பெண்களுக்கோ இரட்டை இழப்பு. 1920களின் இறுதியில் மலாயாவின் போக்குவரத்து வசதியுள்ள வட்டாரங்களில் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு அரசு வகுத்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தப் பத்துக் காசு வேறுபாட்டைச் சட்டமே எழுதி வைத்தது. அரசு ஊழியத்தில் பெண்களுக்குச் சம ஊதியம் கிடைக்க, ஆசிரியைகள் முன்னின்று போராடி 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

3. "எங்களுக்கு" (இரண்டாம் முறை)

முதலில் வந்தது கேட்பவர்களைக் குறித்தது. இங்கே பெறவேண்டியவர்கள் பேச்சுக்கு வருகிறார்கள். இந்த லீக் 1997இல் 8 அணிகளோடு, அணிக்கு 28 ஆட்டங்களோடு தொடங்கியது. முதல் நான்கு பட்டங்களையும் தொடர்ந்து வென்றது ஹூஸ்டன் காமெட்ஸ். அந்த அணியே 2008இல் மூடப்பட்டது. லீக்கைக் கட்டியெழுப்பியவர்களில் பலர் அதன் செழிப்பைக் காணாமலே ஓய்ந்தார்கள். நம் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு வெளியேறிய குடும்பங்களின் கதையும் இதுதான். காட்டைத் திருத்தியவர்களுக்கு அந்த நிலத்தில் பங்கில்லை. அதைக் கண்டுதான் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். உழைத்தவரே உரிமையாளராகலாம் என்று காட்டிய முயற்சி அது.

4. "தாருங்கள்"

யாரிடம் கேட்டார்கள்? அணி உரிமையாளர்களிடமும், பெண்கள் லீக்கில் பெரும்பங்கு வைத்திருக்கும் ஆண்கள் லீக்கிடமும். பல ஆண்டுகள் நட்டத்தைத் தாங்கினோம் என்பது அவர்கள் தரப்பு வாதம். அதைத் தள்ளிவிட முடியாது, பணம் போட்டவர்கள் அவர்கள்தான். ஆனால் நட்டக் காலத்தில் குறைந்த சம்பளத்தை ஏற்று ஆடியவர்களும் அந்த நட்டத்தைத் தாங்கியவர்களே. விலை விழுந்தபோது கூலியைக் குறைத்த தோட்டம், விலை ஏறும்போது மட்டும் கதவைச் சாத்த முடியாது.

அன்று பார்வையாளர்களும் பதில் சொன்னார்கள். சிறந்த ஆட்டக்காரருக்கான விருதைக் கோலியரிடம் லீக் ஆணையர் கொடுத்தபோது, 'அவர்களுக்குக் கொடு' என்று அரங்கமே முழங்கியது. அந்தப் பருவத்தின் பட்டத்தை அக்டோபரில் லாஸ் வேகாஸ் ஏசஸ் அணி, பீனிக்ஸ் மெர்க்குரியை 4-0 என்று வென்று எடுத்துக்கொண்டது. நான்காவது முறையாகப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரரான ஏஜா வில்சன் அந்த அணியில்தான். வெற்றி பெற்ற பிறகும் சம்பளக் கேள்வி அப்படியே நின்றது.

கருத்துரை

மலேசியப் பெண்கள் வலைப்பந்து அணி 2017, 2019 ஆகிய இரண்டு சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டிகளிலும் தங்கம் வென்றது. கெடாவின் சிவசங்கரி சுப்பிரமணியம் ஸ்குவாஷைத் தொழிலாகவே கொண்டு உலகம் சுற்றுகிறார். எனவே பெண்பிள்ளைக்கு விளையாட்டு ஒரு வேலையாக முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. இருந்தும் மலாக்காவில் ஐந்தாம் படிவம் முடிந்ததும், 'பந்தெல்லாம் போதும், ஆயர் குரோவில் ஃபேக்டரியில் ஆள் எடுக்கிறார்கள்' என்று சொல்லும் வீடுகள் நிறைய. அந்த வேலையும் மதிப்புக்குரியதே, ஆனால் முடிவை அந்தப் பிள்ளையைக் கேட்டல்லவா எடுக்க வேண்டும்? முதலாளியிடம் கேட்பதற்கு முன் வீட்டில் தர வேண்டிய கடன் ஒன்று உண்டு: பயிற்சிக்குப் போக நேரம், நல்ல காலணி, போட்டி நாளில் கூடவே போக ஓர் ஆள். அதை நாம் கொடுத்துவிட்டால், மீதியை அவள் தன் சங்கத்தோடு நின்று கேட்டு வாங்கிக்கொள்வாள்.