மூன்றாம் பொசிஷன்

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலில் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். டெலிபோன் போர்டில் காதில் விழும் எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்ற உறுதிமொழி. மீறினால் 1885ஆம் வருடத்துத் தந்திச் சட்டப்படி ஜெயில் என்று ஆபரேட்டர்களை மேற்பார்க்கும் மானிட்டர் அம்மா சிரிக்காமல் சொன்னார். அது 1980. எனக்கு வயது 20. அந்தக் கையெழுத்துக்கு இன்றைக்கும் மதிப்பு உண்டு என்று நினைக்கிறவள் நான். ஆகவே ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. தென் மாவட்டத்தில் வத்தல், மல்லி, உளுந்து மண்டிகள் நிறைந்த ஊர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்க் ரூமில் ஆறு பொசிஷன்கள். பொசிஷன் என்றால் ஓர் ஆபரேட்டர் உட்காரும் இடம். எனக்குப் பெரும்பாலும் மூன்றாவதுதான் வாய்க்கும். முகத்துக்கு நேரே வரிசை வரிசையாக ஜாக்குகள், மேஜை மட்டத்தில் ஜோடி ஜோடியாகக் கார்டுகள். கார்டு என்பது துணி சுற்றிய தடித்த ஒயர், நுனியில் பித்தளைப் பிளக். ஜோடியில் ஒன்றைக் கூப்பிடுகிறவர் ஜாக்கிலும் மற்றதை எதிர்ப்பக்க லைனிலும் செருகினால் இருவரும் பேசலாம். இந்தச் செருகுகிற வேலையை ஒரு வாரத்தில் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். பின்னால் இயந்திரம் வந்து எடுத்துக்கொண்டு போனதும் அதைத்தான்.

காலையில் மண்டி திறந்ததும் போர்டு பற்றிக்கொள்ளும். குண்டூர் விலை தெரியாமல் எங்கள் ஊரில் யாரும் வத்தல் மூட்டையைத் தொட மாட்டார்கள். குண்டூர், இன்ன நம்பர், பி.பி. என்று புக் செய்வார்கள். பி.பி. என்றால் பர்டிகுலர் பர்சன். குறிப்பிட்ட ஆள் வந்தால்தான் லைன் கொடுக்க வேண்டும். அதில் ஆர்டினரி என்றால் மதியம் தாண்டினாலும் கேட்க முடியாது. அர்ஜென்ட்டுக்கு இரண்டு மடங்கு கட்டணம். லைட்னிங் என்றால் எட்டு மடங்கு, வரிசையில் காத்திருக்கிற அத்தனை பேரையும் தாண்டிக்கொண்டு போகும். லைட்னிங் கேட்கிறார் என்றால் வீட்டில் சாவு விழுந்திருக்க வேண்டும், இல்லையென்றால் விலை விழுந்திருக்க வேண்டும்.

"ஏம்மா, குண்டூர் என்னாச்சு?"

"மதுரை வரைக்கும் வந்திருக்கு அண்ணாச்சி. மெட்ராஸ் இன்னும் லைன் கொடுக்கல."

"லைட்னிங்கா மாத்திருவமா?"

"எதுக்கு அண்ணாச்சி காசைக் கரைக்கிறீங்க? பத்து மணிக்கு முன்னாடி அந்த ஆளு கடைக்கே வர மாட்டாரு. பொறுங்க, நானே கூப்பிடுறேன்."

குண்டூர்க்காரர் பத்து மணிக்குத்தான் வருவார் என்பது அழைப்பைப் பதிகிற எந்த டிக்கெட்டிலும் எழுதியிருக்காது. வெள்ளிக்கிழமை என்றால் கோயிலுக்குப் போய்விட்டு இன்னும் அரைமணி தாமதம் என்பதும் எழுதியிருக்காது. மதுரை, மெட்ராஸ், விஜயவாடா என்று ஒவ்வோர் ஊரிலும் ஓர் ஆபரேட்டர் கை கொடுத்தால்தான் எங்கள் அண்ணாச்சியின் குரல் குண்டூர் போய்ச் சேரும். விஜயவாடாவில் ஒருவர் இருந்தார், பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுவார். அவரிடம் நாலு வார்த்தை தெலுங்கில் பேசினால் லைன் சீக்கிரம் கிடைக்கும் என்பதற்காகவே தெலுங்கு கற்றுக்கொண்டேன். பதினான்கு வருடத்தில் அவர் முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. மூன்று நிமிடம் ஆனதும் நடுவில் புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கலாமா?" என்று கேட்க வேண்டும். மண்டிக்காரர்கள் பலர் இரண்டே முக்காலில் முடித்துவிடுவார்கள். எங்களுக்குப் புரியக்கூடாதென்று விலையைக் குழூஉக்குறியில் சொல்வார்கள். ஆறே மாதத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ராத்திரி டூட்டியில் நடந்ததை மட்டும் பெயரில்லாமல் சொல்கிறேன். பம்பாய் தாராவியில் ஒரு கடைக்கு லைட்னிங். இந்தப் பக்கம் தம்பி, அந்தப் பக்கம் அண்ணன். அன்றைக்கு லைன் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல. தம்பி "அம்மா போயிட்டா, அம்மா போயிட்டா" என்று கத்துகிறார், அண்ணன் "என்ன? என்ன?" என்கிறார். ஆபரேட்டர் குரல் மட்டும் இரண்டு பக்கமும் சுமாராகக் கேட்கும். அம்மாதிரி நேரத்தில் நாங்களே நடுவில் நின்று சொல்லிவிடுவது வழக்கம். கீயைத் திறந்து, "அம்மாவுக்கு ரொம்ப முடியலையாம். இன்னைக்கே ரயில் ஏறி வரச் சொல்றாரு தம்பி" என்றேன். தம்பி சட்டென்று நிறுத்தினார். பிறகு, "ஆமா, அப்படியே சொல்லுங்க" என்றார். உள்ளதை உள்ளபடி சொல்வதுதான் விதி. அண்ணன் தனியாக அவ்வளவு தூரம் ரயிலில் உட்கார்ந்து வர வேண்டுமே என்பது மட்டும்தான் அப்போது எனக்குத் தோன்றியது. செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. மறுநாள் மானிட்டர் அம்மாவிடம் சொன்னேன். டிக்கெட்டில் நேரம் சரியாக எழுதினாயா என்று மட்டும் கேட்டார்.

இந்த நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவர்கள் பெண்கள் அல்ல. அமெரிக்காவில் தந்தி ஆபீஸ் பையன்களைத்தான் போர்டில் உட்கார வைத்தார்கள். பையன்கள் வாடிக்கையாளர்களைத் திட்டினார்கள், விளையாட்டுக்கு லைனை மாற்றிக் கொடுத்தார்கள். 1878 செப்டம்பரில் பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை வேலைக்கு எடுத்துப் பார்த்தார்கள். அதோடு பையன்கள் காலம் முடிந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருடத்துக்குள் ஆபரேட்டரே வேண்டாம் என்று ஒருவர் கிளம்பிவிட்டார். ஆல்மன் ஸ்ட்ரௌஜர், கான்சாஸ் சிட்டியில் சவ அடக்கத் தொழில் செய்தவர். போட்டிக் கடைக்காரரின் மனைவி எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராம். இவருக்கு வருகிற அழைப்பையெல்லாம் புருஷன் கடைக்குத் திருப்பிவிட்டாராம். அந்த ஆத்திரத்தில் இவர் ஆள் இல்லாமல் தானே இணைக்கும் சுவிட்சைக் கண்டுபிடித்தார். 1891இல் காப்புரிமை, 1892இல் இண்டியானா மாநிலத்தின் லா போர்ட்டில் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச். அந்த அம்மாள் கதை எவ்வளவு நிஜமோ, எங்கள் டிரங்க் ரூமில் எல்லோருக்கும் தெரியும். அந்தம்மா ஒழுங்காக இருந்திருந்தால் நம் வேலை பிழைத்திருக்கும் என்று சாப்பாட்டு நேரத்தில் அவரைத் திட்டித் தீர்ப்போம்.

இந்தியாவில் 1882 வாக்கில் கல்கத்தா, பம்பாய், சென்னையில் எக்ஸ்சேஞ்ச் வந்துவிட்டது. நடத்தியது ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி. பெருநகரக் கம்பெனிகளை 1943இல் அரசு வாங்கிக்கொண்டது. சிம்லாவில் முதல் உலகப்போருக்கு முன்பே தானியங்கி எக்ஸ்சேஞ்ச் இருந்தது, துரைமார்கள் வெயிலுக்குப் போகிற ஊர் அல்லவா. 1948இல் பெங்களூரில் ஐ.டி.ஐ. டெலிபோன் தொழிற்சாலை தொடங்கிய பிறகு ஸ்ட்ரௌஜர் சாமான்களை இங்கேயே செய்தோம். 1960இல் லக்னோவிலிருந்து கான்பூருக்கு ஆபரேட்டர் இல்லாமல் நேராகச் சுழற்றிப் பேசினார்கள், எஸ்.டி.டி. பிறந்துவிட்டது. நான் அந்த நாற்காலியில் உட்காரும்போதே என் வேலைக்கு எமன் பிறந்து 20 வருடம் ஆகியிருந்தது. எங்கள் ஊர்வரை நடந்து வர அவனுக்கு இன்னும் கொஞ்சக் காலம் பிடித்தது, அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசியில் வந்தான். 1984இல் தொடங்கிய சி-டாட் என்ற அரசு ஆராய்ச்சி மையத்தின் சின்ன எக்ஸ்சேஞ்சுகள் கிராமங்களுக்குள் போக ஆரம்பித்தன. பஸ் ஸ்டாண்டில் மஞ்சள் போர்டு வைத்த எஸ்.டி.டி. பூத் முளைத்தது. அண்ணாச்சிகள் அவர்களே குண்டூரைச் சுழற்றினார்கள். தினம் கட்டுக்கட்டாகச் சேரும் டிக்கெட் ஒரு கைப்பிடியாக இளைத்தது. ஆறு பொசிஷனில் இரண்டு போதும் என்றானது. மற்றவர்களுக்கு ஆபீஸ் பாஷையில் பெயர், சர்ப்ளஸ்.

யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. கேடரை மாற்றி அமைக்கிறோம் என்றார்கள். தேர்வு, கம்ப்யூட்டர் வகுப்பு, பிறகு சீனியர் டி.ஓ.ஏ. என்று புதுப் பெயர். அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்து வேறு: டெலிபோனிலிருந்து வந்தவர்களுக்கு 'பி', தந்தியிலிருந்து வந்தவர்களுக்கு 'டி', எழுத்து வேலையிலிருந்து வந்தவர்களுக்கு 'ஜி'. ஜாதிச் சான்றிதழ் போல அந்த எழுத்து கடைசிவரை ஒட்டிக்கொண்டது. ஈயக் குழாய்க்குள் காகிதம் சுற்றிய கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்த கேபிள் ஜாயின்டர்களும், கம்பம் ஏறிய லைன்மேன்களும் போன் மெக்கானிக் ஆனார்கள்.

வகுப்பில் கம்ப்யூட்டர் பயமுறுத்தவில்லை. போர்டில் இடது கை கார்டை எடுக்கும், வலது கை டிக்கெட் எழுதும், காது மூன்று லைனைக் கேட்டுக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரில் காதுக்கு வேலையே இல்லை. அது பாட்டுக்குச் சும்மா இருந்ததுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. யாரோ கூப்பிட்டு நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்றே பல நாள் தோன்றும்.

உண்மையான கஷ்டம் கவுன்டரில் உட்கார்ந்த பிறகு வந்தது. பதினான்கு வருடம் என்னிடம் பேசியவர்கள் யாரும் என் முகத்தைப் பார்த்ததில்லை, நானும் அவர்கள் முகத்தைப் பார்த்ததில்லை. பில் அதிகம் என்று சண்டைக்கு வந்தவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேஜையைப் பார்த்தே பதில் சொல்வேன். "நிமிர்ந்து பேசும்மா, நான் என்ன திருடனா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். வீட்டில் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகினேன். என் பிள்ளைகள் இன்றும் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். எங்கள் இலாகா பி.எஸ்.என்.எல். ஆகி, 2002இல் அதன் செல்போனும் வந்து, சிம் விண்ணப்பத்துக்கு வரிசை படிவரை நின்ற நாட்களில் நான் நிமிர்ந்துதான் பேசினேன்.

பஸ் ஸ்டாண்ட் பூத்தை நடத்தியவர் போலியோவில் கால் போனவர். ஊனமுற்றோருக்கான முன்னுரிமையில் பூத் கிடைத்தது. ராத்திரி 11 மணிக்கு மேல் கால் கட்டணம் என்பதால் அவர் கடையில் நள்ளிரவிலும் ஆள் நிற்கும். எங்கள் வேலையை எடுத்தது அவர்தான் என்று எனக்கு உள்ளூர ஒரு கடுப்பு இருந்தது. 2003இல் செல்போனில் வருகிற அழைப்புக்குக் காசு இல்லை என்றான பிறகு, அவர் கடையில் பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். அவரும் மாறினார்: ஜெராக்ஸ், ரீசார்ஜ் கூப்பன், பிறகு பழச்சாறு. அவருக்குத் தேர்வும் இல்லை, வகுப்பும் இல்லை, புதுப் பெயரும் இல்லை. காலத்துக்கேற்ப மாறிக்கொண்டோம் என்று நாங்கள் பிரிவு உபசார விழாக்களில் மார்தட்டிக்கொள்வோம். மாறுகிற வருடங்களிலும் மாதாமாதம் சம்பளம் வந்தது, அதனால் மாறினோம். பூத்காரர் ஒவ்வொரு முறையும் கடன் வாங்கி மாறினார்.

கடைசி வருடங்களில் என் பதவியின் பெயர் ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட். சூப்பரின்டென்ட் செய்ய ஆபீஸில் ஆள் இல்லை. 2020 ஜனவரி 31 அன்று நாடு முழுக்க 78,000க்கும் மேற்பட்டவர்கள் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியேறினோம். எனக்கு முறைப்படி ஓய்வுபெற ஐந்து மாதம்தான் பாக்கி. அன்று சாயங்காலம் சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டு டிரங்க் ரூமை ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். பழைய விண்ணப்பக் கட்டுகள் கூரைவரை அடுக்கியிருந்தன. மூன்றாம் பொசிஷன் இருந்த இடத்தில் ஒரு சைக்கிள்.

போன மாதம் வங்கியில் பாஸ்புக் பதிய வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு பெரியவர், காவலாளியிடம் "ஏம்ப்பா, மிஷின் வேலை செய்யுதா?" என்று கேட்டார். திரும்ப வேண்டியிருக்கவில்லை. நம்பர் 47, குண்டூர், பி.பி. லைட்னிங்குக்கு அவசரப்படுகிறவர். 1983இல் எந்த மாதம் அவருக்குப் பெரிய நஷ்டம், அதை அவர் வீட்டில் யாருக்குச் சொல்லாமல் மறைத்தார், எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். யாரென்று தெரியாமல் அவரும் மரியாதைக்குச் சிரித்தார்.

"முன்னாடி போங்க அண்ணாச்சி, எனக்கு அவசரமில்ல" என்றேன்.

அவர் இரண்டடி எடுத்து வைத்துவிட்டு நின்றார். தலையைச் சாய்த்து, "குரல் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும்மா" என்றார்.

"இருக்கும் அண்ணாச்சி" என்றேன்.