துண்டு முதல் அரைப்பேர் வரை

பல ஆண்டுகளுக்கு முன்னர் செய்தி சேகரிப்பதற்காக மலையகத் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். கொழுந்து பறிக்கும் வயதான தாயொருவர் தமது சம்பளச் சீட்டை என்னிடம் நீட்டினார். "நான் வேல செஞ்ச நாளு எனக்குத் தெரியும். இதுல எத்தன நாளு போட்டிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க ஐயா" என்றார். அவர் முழுநாளும் மலையில் நின்ற நாள்களுட் சில, சீட்டில் 'அரைப்பேர்' எனப் பதியப்பட்டிருந்தன. குறித்த அளவு கொழுந்து சேரவில்லை என்பதே காரணம்.

இலங்கையின் தோட்டத்துறை வரலாற்றைக் குறைந்த கூலியின் வரலாறாகவே நாம் பார்த்துப் பழகிவிட்டோம். உழைத்த கூலி கைக்கு வந்து சேராமற் போன வரலாறும் அதனுள் அடங்கியுள்ளது.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து ஆள் திரட்டி வந்த கங்காணி, வழிச்செலவையும் முற்பணத்தையும் தொழிலாளியின் பெயரிற் கடனாக எழுதினார். கணக்கு அவர் கையிலிருந்தது. பல தோட்டங்களிற் கூலியும் அவர் கை வழியாகவே வந்தது. தோட்டம் கொடுத்த அரிசியின் விலையும் கூலியிற் கழிக்கப்பட்டது. கடனைச் செலுத்தினால் தொழிலாளியை விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே 'துண்டு' எனப்பட்டது. ஒரு தோட்டத்தின் கடன் அடுத்த தோட்டத்திற்கு மாறியதேயன்றித் தீரவில்லை. இந்நிலையில், 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றி விலகிய தொழிலாளி சிறைக்கும் செல்ல நேர்ந்தது.

இலைநோயினாற் கோப்பி அழிந்து தோட்டங்கள் கடனில் மூழ்கியபோது, மாதக்கணக்கிற் கூலி நிலுவையாயிற்று. அதன் பின்னரே அரசு விழித்துக்கொண்டது. 1889 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டம், மாதக் கூலியை அம்மாதம் முடிந்து 60 நாள்களுக்குள் வழங்க வேண்டுமென விதித்தது. ஜனவரியில் உழைத்தவர் மார்ச் இறுதிவரை காத்திருப்பது சட்டப்படியே சரியாயிருந்தது! ஆயினும், கூலிக்கு ஒரு தவணை உண்டு என்பதையாவது அது ஏற்றுக்கொண்டது.

1921 ஆம் ஆண்டிலேயே சட்டம் துண்டு முறையை ஒழித்தது. தொழிலாளரைச் சிறையிடும் முறையும் அக்காலத்திலேயே நீங்கியது. புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து உண்மை நிலையைக் கண்டறிந்த பத்திரிகையாளர் கோ. நடேசய்யர், தொழிலாளரின் உரிமைகளைப் பத்திரிகையிலும் சட்டசபையிலும் முழங்கினார். இந்திய அரசின் அழுத்தமும் சேர, 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் ஆகக் குறைந்த கூலியை ஏற்படுத்தியது. 1929 இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, உயர்நிலப் பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம்; பெண்ணுக்கு 43 சதம். இந்தப் 11 சத வேறுபாட்டின் வழிவந்த பாகுபாடு 1984 இற்றான் நீக்கப்பட்டது.

1941 ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம், கூலியின் அளவோடு நின்றுவிடவில்லை. எப்போது வழங்குவது, எவற்றைக் கழிக்கலாம், எப்பதிவேடுகளைப் பேணுவது என்பவற்றையும் அது வரையறுத்தது. 1958 இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது.

இவ்வளவு சட்டங்கள் இருந்தும் அந்தத் தாய் ஏன் ஒரு வழிப்போக்கனிடம் சீட்டை நீட்ட வேண்டியிருந்தது? ஏனெனில், சட்டம் விகிதத்தைக் காத்தது. கணக்கை எழுதும் கை மட்டும் மாறவில்லை. 2021 இல் சம்பளச் சபை மூலம் நாட்சம்பளம் 1000 ரூபாவாக்கப்பட்ட பின்னர், பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு கூட்டப்பட்டு அரைப்பேர் போடப்படுவதாகத் தொழிலாளர் முறையிட்டனர். ஒரு கையாற் கொடுத்ததை மறு கை வாங்கிக்கொண்டது என்பதே அவர்களது குற்றச்சாட்டு.

ஆகவே, கூலியை உயர்த்தக் கோரும்போது கணக்கையும் சேர்த்துக் கோருதல் வேண்டும். தொழிலாளியின் கண்முன்னே நிறுவை, அவருக்கு விளங்கும் மொழியிற் சீட்டு, முறைப்பாடு வருமுன்னரே பதிவேட்டைச் சோதிக்கும் தொழில் அதிகாரி ஆகிய மூன்றும் இல்லாதவிடத்து, எந்த விகிதமும் வர்த்தமானியில் மட்டுமே வாழும். தாம் உழைத்த நாள்களை அந்தத் தாய் விரல்விட்டு எண்ணி வைத்திருந்தார். அவரது கணக்கிற் பிழையிருக்கவில்லை.