மூச்சின் அளவும் மூளையின் வாழ்வும்

மனித மூளை உடலின் எடையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கே. ஆயினும், உடல் கொள்ளும் பிராணவாயுவில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே செலவாகிறது. இப்பங்கு சில நிமிடங்கள் தடைப்பட்டாலும் மூளை அழியத் தொடங்கும். ஆதலின், மூச்சு ஓய்ந்தவர்க்குப் பிறர் மூச்சளிக்கும் கலை மூளையைக் காக்கும் கலையுமாகும். அக்கலை வளர்ந்த வரலாறு அறியத்தக்கது.

1952-ஆம் ஆண்டு, டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவிற்று. பிளெக்டம் மருத்துவமனையில், மூச்சுத் தசைகள் செயலிழந்து மூச்சுக் கருவியில் வைக்கப்பட்ட முதல் 31 பேருள் 27 பேர் மாண்டனர். 1928 முதல் வழக்கிலிருந்த 'இரும்பு நுரையீரல்' அங்கு ஒன்றே இருந்தது.

நோயாளரின் இரத்தத்தில் கரியமில வாயு மிகுந்திருந்தது. காரத்தன்மை கூடியதன் அடையாளம் அது என மருத்துவர் எண்ணினர். பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருந்து வல்லுநரோ, போதிய மூச்சின்றி வாயு உள்ளே தேங்கியதே காரணம் என்றார். ஆகஸ்டு 27-ஆம் நாள், இறக்கும் தறுவாயிலிருந்த 12 வயதுச் சிறுமியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி மூச்சளித்தார். சிறுமி பிழைத்தாள். பின்னர் ஏறத்தாழ 1500 மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் பைகளை அழுத்தினர். நூற்றுக்கு 87 ஆக இருந்த இறப்பு, பாதிக்கும் கீழே இறங்கியது.

ஆனால், பையை எவ்வளவு அழுத்துவது? இவ்வினாவிற்கு விடை காண, அம்மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் பவுல் ஆஸ்ட்ரப் இரத்தத்தின் கரியமில வாயுவை அளக்கும் முறையொன்றை வகுத்தார். அவ்வளவீடு வேண்டியதன் காரணத்தை அமெரிக்காவில் கெட்டி, ஷ்மிட் இருவரும் 1946-இலேயே காட்டியிருந்தனர். மூச்சு மிகுந்தால் கரியமில வாயு குறையும், அது குறைந்தால் மூளையின் குருதிக் குழாய்கள் சுருங்கும், குருதியோட்டம் தாழும். நுரையீரலில் பிராணவாயு நிறைந்திருக்கவும் மூளைக்கு அது குறைவாகவே சென்று சேரும்.

இவ்வுண்மை அறிந்தும், தலைக்காயமுற்றோரின் மூளை வீக்கத்தை அடக்க, மிகைமூச்சளிப்பது நெடுங்காலம் வழக்கிலிருந்தது. 1991-இல் வெளிவந்த ஆய்வில், நீடித்த மிகைமூச்சு பெற்றோருள் ஒரு சாரார் மற்றவரினும் மெதுவாகவே தேறினர் என்று தெரிந்தது. பின்வந்த நெறிமுறைகள் அவ்வழக்கத்தை விலக்கின.

குறைந்த மூச்சு உயிரைப் போக்கிற்று. மிகுந்த மூச்சு மூளையை வாட்டிற்று. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்னும் பழமொழிக்கு உயிர்மூச்சும் விலக்கன்று.