குக்குலு: ஒரு பிசினின் கதை

பெரியபுராணம் நடத்தும்போது குங்கிலியக் கலயரிடம் நாம் சற்று நின்றுவிடுவதுண்டு. மனைவி கழற்றித் தந்த தாலியோடு நெல் வாங்கப் புறப்பட்டவர், வழியில் கண்ட வணிகனிடம் அதைக் கொடுத்துக் குங்கிலியப் பொதியைப் பெற்றுத் திருக்கடவூர்க் கோயிலுக்குப் போய்விட்ட கதை. ஒருமுறை மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, கொழுப்புக்குத் தருகிறார்களே, குக்குலு மாத்திரை, அது இதுதானா?" என்று கேட்டார். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டு அவருடைய தந்தை அதைத்தான் விழுங்கி வருகிறாராம்.

பெயர்கள் ஒலியால் நெருங்கினாலும் பொருள் வேறு. நம் கடைகளில் குங்கிலியம் என்று கிடைப்பது பெரும்பாலும் சால மர இனத்துப் பிசின். குக்குலுவோ இராசத்தான், குசராத்து வறள்நிலங்களில் வளரும் முட்புதர் ஒன்றின் பிசின். பிசினுக்காகப் பட்டையை ஆழக் கீறியே அழித்ததில், அப்புதர் இன்று மிக அருகிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

இதன் அண்மை வரலாறு, ஒரு நூலை ஊன்றிப் படித்ததில் தொடங்குகிறது. சுசுருத சங்கிதை 'மேதஸ்' என்னும் கொழுப்பு மிகுந்து உடலின் வழிகளை அடைப்பதைச் சொல்லி, அதற்குக் குக்குலுவைப் பரிந்துரைக்கிறது. இவ்வருணனை இரத்தக்குழாய்த் தடிப்பை ஒத்திருப்பதைக் கண்ட ஜி.வி.சத்யவதி, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் முயல்களுக்குக் கொலஸ்டிரால் ஊட்டிச் சோதித்து 1966இல் ஆய்வேட்டை அளித்தார். குக்குலு பெற்ற முயல்களில் கொலஸ்டிரால் குறைந்தது. பின்னர் இலக்னோவின் மைய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் அப்பிசினிலிருந்து பிரித்த சாறு, 1980களின் இறுதியில் மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1994இல் வெளியான இந்திய ஆய்வொன்றில், 61 நோயாளிகளிடையே 24 வாரம் அதனை உண்டோருக்குக் கெட்ட கொழுப்பு ஏறத்தாழ 12.5 விழுக்காடு குறைந்திருந்தது.

ஆனால் 2003இல் பிலடெல்பியா ஆய்வு வேறு விடை தந்தது. 103 பேர், எட்டு வாரம். வெற்று மாத்திரை உண்டோருக்குக் கெட்ட கொழுப்பு 5 விழுக்காடு குறைய, குக்குலு உண்டோருக்கு 4, 5 விழுக்காடு கூடியது! சிலருக்குத் தோலில் தடிப்பும் கண்டது. அமெரிக்கர் உணவு வேறு, காலம் போதாது என்றெல்லாம் சமாதானம் சொன்னார்கள். அவை மேலும் சோதிக்கத்தக்கவை. மருந்தை விற்பதற்கான சான்றுகள் அல்ல.

சத்யவதி செய்ததில் பிழையில்லை. பழஞ்சொல் ஒன்று அவருக்கு ஒரு கேள்வியைத் தந்தது. அவர் அதைச் சோதனைக்கு உட்படுத்தினார். 'மேதஸ்' என்றால் கொலஸ்டிராலேதான், முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று பேசுவோரிடந்தான் நமக்கு வழக்கு. தம் காலத்துப் பொருளை மூலத்தின் தலையில் ஏற்றும் உரைகாரரை நாம் வகுப்பில் கண்டிக்கிறோம். மருந்துக் கடையில் மட்டும் தலையாட்டுவானேன்?

இவ்வளவையும் அந்த மாணவரிடம் சொன்னோம். பெரியபுராணக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் 2003ஆம் ஆண்டு எண்களை மட்டும் குறித்துக்கொண்டார், தந்தையிடம் காட்டுவதற்காக.