கூரையற்ற கார்களுக்கான செவிக்காப்பு

கூரையற்ற கார் ஒன்றை நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டுபவரின் காதில் விழும் ஓசை, தொழிற்சாலைகளில் செவிக்காப்பு அணியச் சொல்லும் அளவை எளிதில் எட்டிவிடும். சில வண்டிகளில் அதைக் கடந்தும் போகும். ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் உண்டு, மேற்பார்வையாளர் உண்டு. விருப்பத்துக்காக வண்டி ஓட்டுபவருக்கு இரண்டும் இல்லை. எதை அணிவது, எப்போது அணிவது என்பதை அவரே முடிவு செய்தாக வேண்டும். நுரை அடைப்பான், வடிகட்டி பொருத்திய அடைப்பான், காதின் அச்செடுத்து வார்த்த அடைப்பான், காது மடலையே மூடும் இயர்மஃப் ஆகியவை இதற்குப் பயன்படும் முக்கியச் சாதனங்கள்.

இந்தச் சிக்கல் மிகக் கடுமையாக இருப்பது இங்கிலாந்தில் பிறந்த சிறு விளையாட்டுக் கார்களில். காலின் சாப்மன் உருவாக்கி 1957இல் வெளிவந்த லோட்டஸ் செவன், 1973இல் உரிமை கைமாறியபின் கேட்டர்ஹாம் செவன் என்ற பெயரில் தொடர்ந்து வருகிறது. எடையைக் குறைப்பதுதான் அந்தக் காரின் அடிப்படை எண்ணம். ஓசையை உறிஞ்சும் திணிப்பும் தடித்த கதவும் எடை கூட்டுபவை என்பதால் அவற்றுக்கு அங்கே இடமில்லை. பல வகைகளில் சைலென்சர் வண்டியின் பக்கவாட்டில், பயணியின் முழங்கைக்கு அருகிலேயே செல்கிறது. முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிறிய காற்றுத் தடுப்பை மட்டும் பொருத்தி ஓட்டுவோரும் உண்டு. ஏரியல் ஆட்டம் போன்ற வண்டியில் கதவே கிடையாது. 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற மடிப்புக் கூரைக் கார்கள் வேறு வகை. உயரமான முன்கண்ணாடியும் ஏற்றி இறக்கும் பக்கக் கண்ணாடிகளும் அவற்றில் இருப்பதால் இரைச்சல் குறைவு. ஒரு வகைக்குப் போதுமான அடைப்பான் மற்றதற்குப் போதாமல் போகலாம்.

ஓசை எங்கிருந்து வருகிறது

ஊருக்குள் மெதுவாகச் செல்லும்போது எஞ்சினும் புகைக்குழாயும் காற்று உறிஞ்சும் குழலும்தான் பேசுகின்றன. வேகம் கூடக்கூடக் காற்று அவற்றை முந்திவிடும். முன்கண்ணாடியின் விளிம்பில் கிழிபடும் காற்று சுழல்களாக உடைந்து ஓட்டுநரின் தலையைச் சுற்றி மோதுகிறது. இந்த வகை ஓசையின் ஆற்றல் வேகத்தின் ஐந்தாம் அல்லது ஆறாம் மடியை ஒட்டி வளர்வதால், வேகம் இரட்டித்தால் ஓசை ஏறத்தாழ 15 முதல் 18 டெசிபல் வரை ஏறும். எனவே மணிக்கு 60 கிலோமீட்டரில் தொல்லை தராத வண்டி 120இல் முற்றிலும் வேறு வண்டி. மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் ஹெல்மெட்டுக்குள் நடத்திய அளவீடுகளில் மணிக்கு 60 கிலோமீட்டரில் 90 டெசிபலை ஒட்டியும், 160இல் 110 டெசிபலை ஒட்டியும் ஓசை பதிவாகியிருக்கிறது. கன்வர்டிபிள் கார்களை ஆராய்ந்து 2011இல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான அமெரிக்க ஆய்வு, கூரையைத் திறந்து மணிக்கு சுமார் 88 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் பரிந்துரைக்கப்பட்ட வரம்பு மீறப்படலாம் என்றும், பக்கக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டால் அதற்கான வாய்ப்பு கூடும் என்றும் முடிவு கூறியது.

காற்றிரைச்சலின் பெரும் பங்கு 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே, தாழ்ந்த சுருதியில் இருக்கிறது. செவிக்காப்பைத் தேர்வதில் மிகுதியும் கவனிக்கப்படாமல் போவது இதுதான். ஏறத்தாழ எல்லாச் சாதனங்களும் உயர்சுருதி ஓசையை நன்றாகத் தடுக்கும். தாழ்சுருதியில்தான் நல்லதும் சுமாரானதும் பிரிகின்றன.

எவ்வளவு நேரம் தாங்கும்

நியோஷ் எனப்படும் அமெரிக்கத் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 85 டெசிபல் ஓசையில் ஒரு நாளில் 8 மணி நேரம் இருக்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகும்: 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் 1 மணி, 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். காதருகே 95 டெசிபல் காட்டும் காரில் 47 நிமிடத்தில் அன்றைய கணக்கு தீர்ந்துவிடும். அதே காரில் 3 மணி நேரம் பயணம் செய்பவர் ஏறத்தாழ நான்கு நாளுக்கான ஓசையை ஒரே நாளில் வாங்கிக்கொள்கிறார். வார இறுதியில் மட்டும் அரைமணி நேரம் ஓட்டுபவருக்கும், அதே வண்டியில் நாடுவிட்டு நாடு சுற்றுலா போகிறவருக்கும் தேவை ஒன்றல்ல.

பாதிப்பு நிகழ்வது உட்காதின் நத்தைச்சுருளில். ஒவ்வொரு காதிலும் சுமார் 15,000 முடிச்செல்கள் உள்ளன. மனிதரில் அவை இறந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பயணம் முடிந்து இறங்கும்போது காது மந்தமாக இருந்து, இரவுக்குள் தெளிந்தால் அது தற்காலிகக் கேள்திறன் இழப்பு. தெளிந்துவிட்டதே என்று பலர் அமைதி அடைகிறார்கள். அந்த மந்தமே அளவு மீறியதற்கு உடல் தரும் கணக்குச் சீட்டு என்று கொள்ள வேண்டும். நிலையான இழப்பு முதலில் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் பகுதியில், பெரும்பாலும் 4,000ஐ ஒட்டி ஒரு பள்ளமாகத் தோன்றும். பேச்சின் மெய்யெழுத்து ஒலிகள் பலவும் தெளிவு பெறும் பகுதிக்கு அது மிக அருகில் இருப்பதால், சத்தம் கேட்கும், சொல் புரியாது என்ற நிலை வரும்.

அளந்து பார்ப்பது கடினமல்ல. நியோஷ் இலவசமாகத் தரும் ஒலியளவுச் செயலி ஐபோனில் இயங்கும். ஓட்டுநர் இதில் கைவைக்கக் கூடாது. அருகில் அமர்பவர் காதுக்குப் பக்கத்தில் பிடித்து அளக்க வேண்டும். மைக்கின் மேல் நுரைத் தொப்பி இல்லாவிட்டால் காற்று நேராக மோதி எண்ணைப் பொய்யாக உயர்த்திவிடும். பந்தயத் தடங்களின் நுழைவாயிலில் எடுக்கும் நிலை அளவீடு இதற்கு உதவாது. புகைக்குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தூரத்தில், 45 பாகைக் கோணத்தில் எடுக்கப்படும் அந்த எண், சுற்றுவட்டாரத்தில் வாழ்வோரின் நலனுக்கானது. ஓட்டுநரின் காதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

உறையில் உள்ள எண்

அமெரிக்காவில் விற்கும் அடைப்பானின் உறையில் என்.ஆர்.ஆர். என்ற எண்ணும், ஐரோப்பாவில் எஸ்.என்.ஆர். என்ற எண்ணும் அச்சாகியிருக்கும். இரண்டும் ஆய்வுக்கூடத்தில், கவனமாகப் பொருத்தப்பட்ட நிலையில் கிடைத்தவை. அவற்றை அப்படியே கழித்துப் பார்ப்பது பெரும் தவறு. ஓஷா எனப்படும் அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பு காட்டும் கணக்குப்படி, என்.ஆர்.ஆர். எண்ணில் 7ஐக் கழித்து மீதியைப் பாதியாக்க வேண்டும். 33 என்று போட்ட அடைப்பான் 13 டெசிபல்தான் குறைக்கும் என்று எதிர்பார்ப்பது பாதுகாப்பான கணிப்பு. 95 டெசிபல் காருக்கு அதுவே போதும். காதுக்குள் 82 ஆகிவிடும்.

ஐரோப்பிய உறையில் எச், எம், எல் என்று மேலும் மூன்று எண்கள் இருக்கும்; உயர், நடு, தாழ் சுருதிகளில் கிடைக்கும் தடுப்பை அவை குறிக்கின்றன. திறந்த கார் ஓட்டுபவர் முதலில் பார்க்க வேண்டியது எல் எண். 3எம் நிறுவனத்தின் மஞ்சள் நிற இ-ஏ-ஆர் கிளாசிக் அடைப்பானுக்கு எஸ்.என்.ஆர். 28, எல் 22. அதே நிறுவனத்தின் 1100 வகைக்கு எஸ்.என்.ஆர். 37, எல் 31. இரண்டும் மலிவான நுரைதான், இருந்தும் காற்றிரைச்சலில் வேறுபாடு பெரிது. எண் கூடினால் எப்போதும் நல்லது என்றும் இல்லை. இ.என். 458 என்ற ஐரோப்பிய வழிகாட்டுதல், காதுக்குள் எஞ்சும் ஓசை 75 முதல் 80 டெசிபல் வரை இருப்பதை நல்ல அளவாகக் கொள்கிறது. 70க்குக் கீழே போனால் மிகைக்காப்பு: அணிந்தவர் சூழலிலிருந்து துண்டிக்கப்பட்டதாக உணர்ந்து அடைப்பானைக் கழற்றிவிடுவார்.

வகைகள்

மெதுவாக விரியும் நுரை அடைப்பானை 1967இல் ராஸ் கார்ட்னர் ஜூனியர் என்ற அமெரிக்கர் உருவாக்கினார். இன்றுவரை விலைக்கு ஏற்ற பயனில் அதை வென்றது எதுவும் இல்லை. தாழ்சுருதியில் நன்றாகத் தடுக்கும், ஹெல்மெட்டுக்குள்ளும் அணியலாம், தொலைந்தாலும் இழப்பு சிறிது. குறை பொருத்துவதில்தான். தூய கையால் மெல்லிய திரிபோல் உருட்டி, மறுகையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செலுத்தி, 20 முதல் 30 விநாடி விரலால் பிடித்திருக்க வேண்டும். நேராக நின்று பார்ப்பவருக்கு அதன் பெரும்பகுதி வெளியே நீட்டிக்கொண்டு தெரிந்தால் பொருத்தம் தவறு. பலரும் வாயிலிலேயே சொருகிவிட்டு, அடைப்பான் வேலை செய்யவில்லை என்று குறை சொல்கிறார்கள்.

இசைக்கலைஞர்களுக்கான வடிகட்டி அடைப்பான்கள் வேறொரு தேவையிலிருந்து பிறந்தவை. செவிக்குழல் 2,700 ஹெர்ட்ஸை ஒட்டிய ஓசையை இயற்கையாகவே பெருக்குகிறது. அடைத்தால் அந்தப் பெருக்கம் போய்விடும், கேட்பதெல்லாம் கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். எடிமோட்டிக் நிறுவனத்தின் மீட் கில்லியன் 1980களின் இறுதியில் கொண்டுவந்த இ.ஆர்.-15, அந்த இழப்பை ஈடுசெய்து எல்லாச் சுருதியையும் சுமார் 15 டெசிபல் சமமாகக் குறைத்தது. எஞ்சினின் தொனியை இரசிக்க விரும்புபவருக்கும், அருகிலிருப்பவரோடு பேச விரும்புபவருக்கும் இவ்வகை பிடிக்கும். 85 முதல் 95 டெசிபல் வரையுள்ள கன்வர்டிபிள் காருக்கு இது நல்ல தேர்வு. முன்கண்ணாடி இல்லாத செவனுக்குப் பெரும்பாலும் போதாது.

அடிக்கடி ஓட்டுபவருக்கு அச்சடைப்பானே சிறந்தது. செவித்திறன் வல்லுநர் காதுக்குள் பசையை நிரப்பி அச்செடுத்து, அதிலிருந்து சிலிக்கானிலோ அக்ரிலிக்கிலோ வார்க்கப்படும். மெல்லும்போதும் பேசும்போதும் தாடை அசைவால் செவிக்குழலின் வடிவம் மாறும். ஆகவே வாயைச் சற்றுத் திறந்த நிலையிலும் அச்செடுப்பது வழக்கம். தவறாகப் பொருத்துவது கடினம் என்பதும் மணிக்கணக்கில் வலி தராது என்பதும் இதன் பெரும் நன்மை. மாற்றக்கூடிய வடிகட்டி இருந்தால் ஊர்ப் பயணத்துக்கு ஒன்று, தடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். காதின் வடிவம் ஆண்டுகளில் மாறுவதால் தளர்ந்தபின் புதிதாக வார்க்க வேண்டும்.

இயர்மஃப் திறந்த காருக்கு அவ்வளவாக ஒத்துவராது. தாழ்சுருதியில் அதன் தடுப்பு குறைவு. மூக்குக்கண்ணாடியின் கம்பியோ தொப்பியோ இடையில் புகுந்தால் அதுவும் கசியும். வேகத்தில் கிண்ணத்தின் மேலேயே காற்று மோதி இரைகிறது. குழந்தைகளுக்கு மட்டும் அது முதல் தேர்வு, ஏனெனில் அவர்களுடைய சிறிய செவிக்குழலில் பெரியவர்களுக்கான அடைப்பான் பொருந்தாது. ஹெல்மெட் தலைக்கான காப்பு. காற்றின் தாழ்ந்த உறுமலை அது அதிகம் தடுப்பதில்லை. ஓசை நீக்கும் மின்னணு ஹெட்ஃபோன்கள் தாழ்சுருதியில் திறமையானவை என்றாலும், வெளியே உள்ள மைக்கில் காற்று அடிக்கும்போது அவற்றின் கணக்கு குழம்பிவிடும். பல நாடுகளில் அவை சட்டச் சிக்கலையும் தரும்.

சைரன் கேட்குமா

காதை அடைத்தால் ஹாரனும் சைரனும் கேட்காது என்ற அச்சம் இயல்பானது. இரைச்சல் நிறைந்த இடத்தில் நடப்பது வேறு. அடைப்பான் இரைச்சலையும் சைரனையும் சேர்த்தே குறைக்கிறது. இரண்டுக்கும் உள்ள விகிதம் அதிகம் மாறுவதில்லை. இயல்பான செவித்திறன் உள்ளவர் 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் அடைப்பானோடும் எச்சரிக்கை ஓசையைக் கண்டுகொள்கிறார். ஏற்கெனவே கேள்திறன் குறைந்தவருக்கு இது பொருந்தாது. அவருக்கு அடைபட்ட சைரன் கேட்கும் வரம்புக்குக் கீழே போய்விடலாம் என்பதால் வல்லுநரின் ஆலோசனையோடு மிதமான, சமத் தடுப்புள்ள வகையைத் தேர வேண்டும். நெடுஞ்சாலையிலிருந்து அமைதியான தெருவுக்குள் நுழைந்தபின் அடைப்பானைக் கழற்றுவதும் பாதுகாப்புக்கு உகந்தது.

கலிஃபோர்னியாவின் வாகனச் சட்டம் 27400ஆம் பிரிவு, இரு காதுகளிலும் ஹெட்ஃபோன் அணிந்து ஓட்டுவதைத் தடை செய்கிறது. தீங்கான ஓசையைக் குறைக்க வடிவமைத்த அடைப்பான்களுக்கு, சைரனும் ஹாரனும் கேட்கும்படி இருந்தால், விலக்கு அளிக்கிறது. பிரான்சில் 2015 ஜூலை முதல் நடப்பில் உள்ள தடை, காதில் ஓசை எழுப்பும் கருவிகளைக் குறிவைப்பது. ஜெர்மனியில் தன் செவிப்புலன் தடைபடாமல் பார்த்துக்கொள்வது ஓட்டுநரின் பொறுப்பு. வெளிநாட்டுப் பயணத்துக்கு முன் அந்தந்த நாட்டு விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அணிந்திருக்கும் நேரம்

தடுப்பு எண்ணைவிட அதிகம் தீர்மானிப்பது அணிந்திருக்கும் நேரம். 30 டெசிபல் குறைக்கும் அடைப்பானை ஒரு மணி நேரப் பயணத்தில் 6 நிமிடம் மட்டும் கழற்றிவைத்தால், அந்தப் பயணம் முழுவதற்கும் கிடைக்கும் பயன் சுமார் 10 டெசிபலாகச் சரிந்துவிடும். வலியோ அரிப்போ தந்து கழற்றத் தூண்டும் உயர்தர அடைப்பானைவிட, ஏறியதிலிருந்து இறங்கும்வரை மறந்துபோய் அணிந்திருக்கக்கூடிய சுமாரான அடைப்பான் காதை நன்றாகக் காக்கும். நுரை வகையில் இரண்டு மூன்று அளவுகளை வாங்கி, வீட்டில் ஒரு மணி நேரம் அணிந்து பார்த்தபின் தேர்வது இதனால்தான். ஒரு காதில் மட்டும் அணிவதால் பயனில்லை. திறந்திருக்கும் காது முழு ஓசையையும் வாங்கும்.

காருக்குள்ளேயே குறைக்கக்கூடியதைக் குறைத்தால் மென்மையான அடைப்பான் போதுமானதாகும். பக்கக் கண்ணாடியை ஏற்றுவது, இருக்கைக்குப் பின்னால் காற்றுத் தடுப்பு வலை பொருத்துவது, செவன் வகையில் பக்கத் திரைகளை மாட்டுவது எல்லாம் உடனே பலன் தரும். சைலென்சருக்குள் அடைத்திருக்கும் கண்ணாடி இழை நாளடைவில் எரிந்து கரைந்துபோகும். அதைப் புதிதாக நிரப்பினால் பழைய வண்டியின் உறுமல் தணியும்.

நுரை அடைப்பானைக் கழுவாமல், அழுக்கேறியதும் எறிந்துவிட வேண்டும். சிலிக்கான் வகையை மென்மையான சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி உறையில் வைக்க வேண்டும். காதில் சீழ், வலி, செவிப்பறைத் துளை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் காதுக்குள் செலுத்தக் கூடாது. அடைப்பான் அணிந்தும் பயணத்துக்குப்பின் காதில் ரீங்காரம் நீடித்தால் பொருத்தமோ தேர்வோ தவறியிருக்கிறது. அப்போது 4,000, 6,000 ஹெர்ட்ஸ் உள்ளிட்ட முழுச் செவித்திறன் பரிசோதனையைச் செய்துகொண்டு, அந்த வரைபடத்தைப் பின்னாள் ஒப்பீட்டுக்காகப் பத்திரப்படுத்த வேண்டும்.