குடலைப் பார்த்த கதை

1859-ஆம் வருஷம் லண்டனில் ஒரு கொலை வழக்கு நடந்தது. தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் என்ற வைத்தியர், முதல் மனைவி உயிரோடிருக்கும்போதே இஸபெல்லா பாங்க்ஸ் என்ற மாதை மணந்துகொண்டார். சில மாதங்களில் அந்த அம்மாளுக்கு வாந்தியும் பேதியும் கண்டன. மே மாதம் இறந்துபோனாள். சாவதற்கு முன் தன் சொத்தை அவருக்கே உயில் எழுதி வைத்திருந்தாள். இதற்கு மேல் என்ன வேண்டும்? பாஷாணம் கொடுத்துக் கொன்றுவிட்டார் என்று ஊரே தீர்மானித்துவிட்டது.

பாஷாணத்தைக் கண்டுபிடித்ததாகச் சொன்னவர் அக்காலத்தில் பெயர் பெற்ற ரசாயன நிபுணர் டெய்லர். பிறகுதான் தெரிந்தது, அந்தப் பாஷாணம் சோதனைக்கு அவரே உபயோகித்த செம்புக் கம்பிவலையிலிருந்து வந்தது என்று! அவரும் கோர்ட்டில் அதை ஒப்புக்கொண்டார். ஆனாலும் ஜூரிகள் குற்றவாளி என்றார்கள்; நீதிபதி தூக்குத் தண்டனை விதித்தார். நான் கதை எழுதுகிறவன். இப்படி ஒரு திருப்பத்தை நான் எழுதியிருந்தால், நம்பும்படியாக இல்லை என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

அந்த அம்மாளின் குடலைப் பரிசோதித்தவர் ஸாமுவேல் வில்க்ஸ் என்ற வைத்தியர். சிறுகுடலின் கடைசிப் பகுதி வீங்கிச் சிவந்திருந்தது, பெருங்குடலில் புண்கள். விஷமில்லாமல் தானாகவே குடல் இப்படி வெந்துபோகலாம் என்று அவர் அந்த வருஷமே ஒரு வைத்தியப் பத்திரிகையில் எழுதினார். பிரபல அறுவை நிபுணர் பிராடியின் அபிப்பிராயத்தைக் கேட்ட பிறகு, சர்க்கார் கொலைக் குற்றத்தை மன்னித்தது. இரண்டாம் கலியாணத்துக்காக மட்டும் ஸ்மெதர்ஸ்ட் ஒரு வருஷம் சிறையில் இருந்தார். அது குடல் அழற்சி நோயாகவே இருந்திருக்கலாம் என்று அந்தக் குறிப்பைப் பின்னாளில் படித்த வைத்தியர்கள் பலர் கருதினார்கள்.

ஒருவரின் குடலைப் பார்க்க அவர் சாக வேண்டியிருந்தது; அல்லது கத்தி வைக்க வேண்டியிருந்தது. நியூயார்க் மவுண்ட் சினாய் ஆஸ்பத்திரியில் பெர்க் என்ற அறுவை வைத்தியர் வெட்டியெடுத்த குடல்களை ஆராய்ந்துதான் க்ரோன், கின்ஸ்பர்க், ஆப்பன்ஹைமர் என்ற மூவரும் 1932-இல் 14 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். கட்டுரையில் தம் பெயர் வேண்டாம் என்று பெர்க் சொல்லிவிட்டார். பெயர்கள் அகர வரிசையில் அச்சானபடியால் க்ரோன் முதலில் நின்றார். நோய்க்கும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. பெர்க் சம்மதித்திருந்தால் இன்று அது பெர்க் நோய்!

எக்ஸ்-ரே வந்த பிறகு பேரியக் கரைசலைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். குடலின் உட்புறத்து நிழல் தெரிந்தது. சுவரின் கனம் தெரியவில்லை. ஆசன வாய் வழியாக விடும் குழாய் பெருங்குடலைத் தாண்டிச் சிறுகுடலின் கடைசி முனையோடு நின்றுவிடும். மேலே இன்னும் பல அடி நீளம் இருட்டுதான்.

அந்த இருட்டில் விளக்கேற்றியது காந்தம். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். அதிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களின் கருக்கள், வலிய காந்தத்தின் நடுவில் ரேடியோ அலை பட்டால் பதில் குரல் கொடுக்கும். அந்தக் குரல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துப் படமாக்கும் வழியை 1973-இல் வெளியிட்டவர் அமெரிக்கரான லாட்டர்பர். இரண்டு சிறு கண்ணாடிக் குழாய்களில் இருந்த தண்ணீர்தான் அவருடைய படம். ‘நேச்சர்’ பத்திரிகை அந்தக் கட்டுரையை முதலில் திருப்பி அனுப்பிவிட்டதாம்! எழுத்தாளர்கள் ஆறுதல் அடையலாம்.

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் சர்வகலாசாலையில் பீட்டர் மான்ஸ்பீல்டு இருந்தார். 15 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு அச்சுத் தொழிலில் வேலை பார்த்தவர். பின்னால் படித்து விஞ்ஞானியானார். 1978-இல் முழு உடம்பும் கொள்ளும் ஓர் இயந்திரத்தைச் செய்தார். உயிருக்கு ஆபத்து வரலாம் என்று எச்சரித்தவர்கள் உண்டு. வேறொருவரை உள்ளே அனுப்பாமல் தாமே நுழைந்தார். அப்போது எடுத்தது வயிற்றின் குறுக்குவெட்டுப் படம். 2003-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் வயிறு மூளையைப் போல் சும்மா இருப்பதல்ல. மூச்சு விட்டால் அசையும். குடலோ தன்னிஷ்டப்படி நெளியும். படம் எடுப்பதற்குள் எல்லாம் கலங்கிவிடும். படம் பிடிக்கும் வேகம் கூடிய பிறகே குடல் வசப்பட்டது. இப்போது, எளிதில் உறிஞ்சப்படாத ஒரு திரவத்தை ஒரு லிட்டருக்கு மேல் நிதானமாகக் குடிக்கச் சொல்கிறார்கள். சுருண்டு கிடக்கும் குடல் விரிந்து கொடுக்கிறது. நெளிவை அடக்க ஓர் ஊசி. பிறகு மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விரிந்த நிலையில் 3 மில்லிமீட்டருக்கு மேல் சுவர் தடித்திருந்தால் சந்தேகம். நீர் கோத்த இடம் வெளுத்துத் தெரியும். ஒரு குடலிலிருந்து இன்னொன்றுக்குப் புரையோடியிருந்தால் அதுவும் அகப்படும். சுவரின் கனம், வீக்கம், புண், மருந்து ஏறும் அளவு இவற்றைக் கொண்டு நோயின் உக்கிரத்தை எண்ணாகச் சொல்லும் ஒரு கணக்கைப் பார்சிலோனா வைத்தியர்கள் 2009-இல் வெளியிட்டார்கள். குழாய் விட்டுக் கண்ணால் பார்த்ததோடு ஒப்பிட்டுச் செய்த கணக்கு அது.

இந்த நோய் பெரும்பாலும் இளம் வயதில் பிடிக்கிறது; ஆயுள் முழுவதும் தணிந்தும் தலைதூக்கியும் உடன் வருகிறது. இருபது வயதுப் பெண்ணுக்கு எத்தனை தடவை படம் எடுக்க வேண்டியிருக்குமோ, யார் கண்டார்கள்? ஒவ்வொரு முறையும் எக்ஸ்-ரே கதிர் உடம்பில் சேர்வதற்குக் கணக்கு உண்டு. காந்தத்தில் அந்தக் கதிர் இல்லை. மருந்து கேட்கிறதா, கத்தி தேவையா என்பதை அவள் உயிரோடு, கண் விழித்துப் படுத்திருக்கும்போதே பார்த்துவிடலாம். இயந்திரத்தின் சப்தம்தான் காதைத் துளைக்கும். அதற்குக் காதை மூடிவிடுகிறார்கள்.