பக்கத்து வீட்டுத் தொலைபேசியும் செய்தி எனும் அமானிதமும்



வீட்டில் ஆள் இல்லாத வேளையில் அழைப்பவரின் குரலைப் பதிந்துவைக்கும் கருவி, மேலைநாடுகளில் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த வால்டெமர் பவுல்சன் 1898-இல் காந்தக் கம்பியில் ஒலியைப் பதியும் முறையைக் கண்டறிந்ததே அதற்கு வித்து. உத்திரமேரூர் போன்ற நமது ஊர்ப்புறங்களில் அக்கருவி பரவவில்லை. அதன் வேலையை இங்கு மனிதர்களே செய்தனர்.

கல்கத்தாவிலும் சென்னையிலும் 1882-லேயே தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டன. ஆயினும் நூறாண்டு கழிந்த பின்னரும் சிற்றூர்களில் இணைப்பு அரிதாகவே இருந்தது. விண்ணப்பித்தவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார். வெளியூருக்குப் பேச 'டிரங்க் கால்' பதிந்து அமர்ந்திருக்க வேண்டும். கட்டணம் 3 நிமிடக் கணக்கில் ஏறும். 1984-இல் நிறுவப்பெற்ற சி-டாட், குளிரூட்டல் இன்றி இயங்கும் 128 முனைச் சிறு இணைப்பகத்தை உருவாக்கிய பின்னரே ஊர்ப்புற நிலை மாறத் தொடங்கியது.

அதுவரை தெருவுக்கு ஒரு தொலைபேசி இருந்தாலே பெரிது. மளிகைக் கடையிலோ வசதியுள்ளவர் வீட்டிலோ இருந்த அந்த எண்ணையே பலரும் தம் எண்ணாகக் கொடுத்து, அருகில் 'பி.பி.' எனக் குறித்தனர். வளைகுடாவிலிருந்து மகன் அழைத்தால், அவ்வீட்டார் ஆளனுப்பித் தாயாரை வரவழைப்பர். அவர் வர இயலாவிடில் செய்தியைத் தாமே கேட்டுவைப்பர். அனுப்பிய பணம், முறிந்த சம்பந்தம், மவுத்துச் செய்தி என எல்லாம் முதலில் அயலார் காதிலேயே விழுந்தன. கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் உரியவரிடம் சேர்ப்பதும், பிறரிடம் பரப்பாதிருப்பதும் அவர்களின் பொறுப்பாயின.

இப்பொறுப்பையே நம் மார்க்கம் அமானிதம் என்கிறது. ஒருவர் பேசும்போது அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தால் அப்பேச்சும் அமானிதமே என்னும் கருத்து அபூதாவூத், திர்மிதீ நூல்களில் பதிவாகியுள்ளது. ஜிப்ரீல் (அலை) அவர்களின் ஸலாத்தை நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் எத்தி வைத்த செய்தி புகாரியில் உண்டு.

அழைப்பவருக்கும் ஒழுக்கம் உண்டு. கதவைத் தட்டிய ஜாபிர் (ரலி), யாரென வினவப்பட்டபோது பெயர் கூறாமல் "நான்" என்றதை நபியவர்கள் விரும்பவில்லை. மும்முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிடில் திரும்பிவிட வேண்டும் என்பதும் நபிமொழியே. வாசலுக்குச் சொன்ன இவ்வொழுங்கு தொலைபேசிக்கும் பொருந்தும்.

2013-இல் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வசதி வந்தது. அன்று நம் ஊருக்கு வராத கருவி இன்று ஒவ்வொரு கையிலும் இருக்கிறது. அந்த அயலாரின் அடக்கம்தான் அதனுடன் வரவில்லை. கணவன் மனைவி பிணக்கில் ஒருவர் அழுது அனுப்பிய குரல், மறுநாள் ஊர்க் குழுமங்களில் உலவுகிறது. மனைவி மக்கள் அறியுமுன் மவுத்துச் செய்தி பரவுகிறது. பி.பி. தொலைபேசிக்காரர் ஒருவர் வாய் திறந்தால் ஒரு தெரு அறியும். இன்று ஒரு விரல் அசைந்தால் ஊரே அறிகிறது.

ஆகவே ஸலாமும் பெயரும் கூறித் தொடங்குவோம். செய்தியைச் சுருக்கிச் சொல்வோம். மரணச் செய்தியைப் பதிவாக அனுப்பாமல், உடனிருந்து ஆறுதல் கூறத்தக்கவர் வழியே சேர்ப்போம். பிறர் குரலை அவர் அனுமதியின்றி எவருக்கும் அனுப்பாதிருப்போம். அமானிதம் பேணுவோராக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக!